யார் எங்கே நிற்பது

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருக்கிற ஆளை இருக்கிற இடத்தில் இருக்க விடமாட்டார். பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் உங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள். பக்கத்தில் வந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று உங்களைத் தொடாமல் கையை மட்டும் காற்றில் நகர்த்திக் காட்டுவார். நீங்களும் நகர்ந்துவிடுவீர்கள். எதற்கு நகர்ந்தோம் என்பது பிறகுதான் உறைக்கும். வெயில் உங்கள் முகத்தில் அடித்திருக்கும். அல்லது உங்கள் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் நிழலுக்கு இடமில்லாமல் தவித்திருப்பாள். சில சமயம் ஒரு காரணமும் இருக்காது.

அவர் என் சக ஆசிரியை ஸ்டெல்லாவின் கணவர். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கும் அவள் ஆங்கிலமும் எடுத்தோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வந்து, "பேரைத் தலைப்புல போடாதீங்க டீச்சர், கீழ போடுங்க" என்று அதையும் நகர்த்துவார். நான் ஓய்வு பெற்று, என் பெண்ணோடு இருக்க ஊரை விட்டு வந்த பிறகு அவரைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் எங்கேயாவது கூட்டம் சேர்ந்து நாற்காலி போட்டால் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

முதலில் அவரைப் பார்த்தது எங்கள் ஆண்டு விழா அன்று. ஆசிரியர்கள் எல்லோரும் குரூப் ஃபோட்டோவுக்கு நின்றிருந்தோம். நடு நாற்காலியில் தாளாளர், இரண்டு பக்கமும் பதவி வாரியாக மற்றவர்கள். ஸ்டெல்லாவைக் கூட்டிப்போக வந்தவர் கையில் ஹெல்மெட்டோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"சார், நீங்க கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க. அந்தம்மா முகம் மறையுது."

சார் என்றது தாளாளரை. அந்தம்மா என்றது மணி அடிக்கும் ஆயாவை. ஆயா கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றிருந்தார். எங்கள் தாளாளர் இன்னொருவர் சொல்லி நகர்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நாற்காலியோடு நகர்ந்தார். ஆயா முன்வரிசைக்கு வந்தார். தலைமையாசிரியைக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஃபோட்டோவில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம், ஸ்டெல்லா மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் வந்து, "சாரி ஜானகி மிஸ், அவர் அப்படித்தான். சினிமாவுல அசிஸ்டெண்ட் டைரக்டர். ஜனங்களை நகத்தி நகத்திப் பழகிடுச்சு" என்றாள். உடனே, "அசிஸ்டெண்ட் இல்ல, இப்ப அசோசியேட்" என்று திருத்திக்கொண்டாள்.

அசோசியேட் என்றால் டைரக்டருக்கு ஒரு படி கீழே. அந்தப் படியிலேயே ஆயுசு முழுக்க நின்று போனவர்கள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷூட்டிங்கில் டைரக்டர் கதாநாயகனையும் கதாநாயகியையும் பார்த்துக்கொள்வாராம். பின்னால் நடப்பவர்கள், உட்காருபவர்கள், கீரை வாங்குபவர்கள் எல்லாம் அசோசியேட்டின் பொறுப்பு. "ஹீரோ எங்க நின்னாலும் கேமரா தேடிப் போயிடும் டீச்சர். பின்னாடி கீரை விக்கற பொம்பளையை யாரு பாக்கறா? அவங்க எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லணும்" என்பார். சொல்லும்போது ஏதோ ராஜாங்க காரியம் போல முகம் ஆகிவிடும்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். தியாகராய நகரில் அண்ணனுக்குப் பெரிய ஜவுளிக்கடை. கடைக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறி வந்தவர், மாம்பலத்தில் இறங்கிக் கடைப் பக்கம் போகாமல் கோடம்பாக்கம் போய்விட்டார். ஸ்டெல்லாவுக்குச் சாந்தோம். சர்ச் பாட்டுக் குழு, ஞாயிறு பூசை, வீடு நிறைய டீச்சர்கள் என்று இருந்த குடும்பம். அந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். மேற்கு மாம்பலத்தில் ரயில் போனால் அலமாரியில் டம்ளர் சத்தம் போடும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அவள் சம்பளமும் சாயங்கால டியூஷனும்தான் அந்த வீட்டை நிறுத்திவைத்திருந்தன. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஒரு படம் மிஸ். ஒரே ஒரு படம் வெளிய வந்துட்டாப் போதும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதுண்டு. போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். "அங்க வேணாம் டீச்சர், இங்க உக்காருங்க. அங்க இருந்தா ஸ்டெல்லா அடுப்படியிலேர்ந்து உங்க முகத்தைப் பாத்துப் பேச முடியாது." சாப்பிட உட்கார்ந்தால், "எல்லாரும் ஃப்ரேமுக்குள்ள இருக்காங்களா?" என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். "நாங்கள்லாம் இருக்கோம், சாம்பார்தான் வெளியில இருக்கு" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே சாம்பாரையும் நகர்த்தி வைப்பார்.

கடைசியில் அவர் டைரக்ட் செய்வதற்கு ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். தியாகராய நகர்க்காரர். படத்துக்குப் பூஜை போட்டார்கள். மறுநாள் ஸ்டெல்லா புதுப் புடவை கட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். என் கையில் இரண்டாக வைத்து அழுத்தினாள். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் ஷூட்டிங் நடந்தது. கொஞ்ச நாள் நடந்து, ஒருநாள் நின்றது. சின்ன பிரேக் என்றார் தயாரிப்பாளர். அப்புறம் அவர் ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். அவருக்கு வேறு தொழிலில் பலத்த அடி, ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் ஃபோனை எடுத்துப் பேசியிருக்கலாம்.

இவர் தினமும் ஷேவ் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஃபோனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்களாம். வேறொரு படத்துக்காகக் கதாநாயகன் தாடியை எடுத்துவிட்டான் என்று ஒருநாள் செய்தி வந்தது. "கன்டின்யூட்டி போச்சு டீச்சர்" என்றார். பாதிப் படத்தில் தாடியோடு இருந்தவன் மீதிப் படத்தில் எப்படி மழமழவென்று வருவான். எனக்குப் புரிய வைப்பதற்காக அதைப் பொறுமையாக விளக்கினார். அன்றைக்குப் பிறகு ஷேவ் செய்வதை விட்டுவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் போனேன். கதவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது உட்காரவே லாயக்கில்லாத இடம். வருகிறவர் போகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போக வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், "வாங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான். நான் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை நகரச் சொல்லவில்லை. எனக்கு உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லாவிடம் தனியாக, "அவரை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிண்டு போங்க" என்றேன். "அந்த ஹீரோ தாடிதானே, வளந்துடும் மிஸ்" என்றாள். படம் மறுபடி தொடங்கிவிடும் என்று இன்னும் நம்பினாளோ என்னவோ.

அந்த வருஷம் என் அப்பா போனார்.

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டில், காலையில் காபி குடித்து, பேப்பர் பார்த்து, அப்படியே சாய்ந்தார். அண்ணா அமெரிக்காவிலிருந்து வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும். அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். சித்தப்பா குடும்பத்தோடு எங்களுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் அத்தைகளுக்குள் தகராறு. அம்மாவுக்கு முட்டிவலி, தரையில் உட்கார முடியாது. அதனால் உள் அறையில் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் டம்ளர்களை எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா வந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் அவரும் வந்தார். வேறு எந்தக் காரணமும் கிடையாது. தாடியோடு வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். நின்று பார்த்தார். அப்புறம் கை மேலே வந்தது.

"டீச்சர், பெட்டியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கலாமா? அம்மாவுக்கு ஒரு சேர் போட்டா முகத்துக்கு நேரா வரும்."

அம்மா முதல் நாள் முழுக்க உள்ளே இருந்தாள், அவளை வெளியே கொண்டுவந்து அப்பா முகத்துக்கு எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டி திரும்பியது. அம்மா வந்து உட்கார்ந்தாள். அத்தைகளின் தகராறு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்தது, வாசலிலிருந்து பெட்டிவரை நாற்காலிகளைப் பிரித்து வழி விட்டார். "இப்ப யாரு வந்தாலும் யாரு மூஞ்சியையும் பாக்காம நேரா வந்து பாத்துட்டு அந்தப் பக்கமாப் போயிரலாம். உங்க சித்தப்பாவுக்குச் சொல்லிருங்க டீச்சர், வருவார்." சொன்னோம், வந்தார். யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை, நேராக வந்து அப்பா காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவைத் தினமும் கைப்பிடித்துக் கீழே நடக்க வைத்த வாட்ச்மேன் படிக்கட்டில் நின்றிருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டுத் தலைமாட்டில் நிறுத்தினார். ஓர் அத்தை முகம் சுளித்தாள். அவர் அந்த அத்தையையும் இரண்டடி நகர்த்தினார்.

அண்ணா வந்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போடும் நேரம். வாத்தியார் மந்திரம் சொல்கிறார். சித்தி ஓவென்று அழுகிறாள். இரண்டு செல்ஃபோன் அடிக்கிறது. பெசன்ட் நகர் மயானத்துக்கு எந்த வழியாகப் போனால் டிராஃபிக் இல்லை என்று இரண்டு மாமாக்களுக்குள் சர்ச்சை. கீழ் ஃபிளாட்டில் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கையில் அரிசியை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"சைலன்ஸ்."

அவர்தான். ஷூட்டிங்கில் ஷாட்டுக்கு முன்னால் சத்தம் போடுவார்களே, அந்தக் குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது. வீடு மொத்தமும் அடங்கிவிட்டது. சித்தியின் அழுகை பாதியில் நின்றது. வாத்தியாரே மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால் கீழே துளைக்கிற மெஷினும் நின்றது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டில் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று முகம் வெளிறிப்போய்விட்டது.

அந்த அமைதியில் அம்மா பேசினாள்.

"அந்த ரெண்டாவது காபியைக் குடுத்திருக்கலாம், ன்னா. சுகர் சுகர்னு சொல்லிண்டு, கேட்டேள், குடுக்காம இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அரிசியைப் போட்டாள். அப்புறம்தான் அழுதாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அம்மா அதைச் சொல்லாமலே இருந்திருப்பாள். சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை எப்படிக் கழித்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "பெரிய தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "டீச்சர், அந்த ஓரத்துல வெயில் அடிக்கும். இப்படி வாங்க" என்றார்.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு முன்பே எதிர் ஃபிளாட் மாமி அவர் நம்பரைக் கேட்டாள். மாமியின் நாத்தனார் வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. அங்கிருந்து லஸ் பக்கம் ஒரு வீடு, அடையாறில் ஒரு வீடு என்று போய்க்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி, வண்டி, பூ, டாக்டர் சர்டிஃபிகேட், மயானத்தில் நேரம் வாங்குவது எல்லாம் ஏற்பாடு செய்ய ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். யார் எங்கே உட்கார வேண்டும், யாரை யார் பார்த்தால் தாங்காது, இறந்தவருக்கு வேண்டிய எந்த ஆள் தெருவிலேயே நின்று திரும்பிப் போகிறான் என்று பார்க்க ஆள் இல்லை. அவர் அதைப் பார்த்தார். சுத்தமான வேட்டியில் வந்து, முதல் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் வாசலில் நிற்பார். அதற்குள் அவருக்கு அந்த வீடு புரிந்துவிடும். தாடியையும் எடுத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஸ்டெல்லாவுக்கு இல்லை.

ஸ்டாஃப் ரூமில் யாராவது, "சார் இப்ப என்ன பண்றார் மிஸ்?" என்று கேட்டால், "ஈவென்ட் மேனேஜ்மெண்ட்" என்பாள். கல்யாணத்துக்குச் சொல்லி வைக்கிறோம் என்பார்கள். சரி என்று தலையாட்டுவாள். நான் நோட்டுத் திருத்துவது போலக் குனிந்துகொள்வேன். ஒருநாள் எல்லோரும் போன பிறகு என்னிடம் வெடித்தாள்.

"நான் சண்டை போட்டுக் கட்டிக்கிட்டது ஒரு டைரக்டரை. அது நடக்கல, சரி. படம் நின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம், அதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. சாவு வீட்டு வேலைக்குப் போறார்னு எங்க வீட்ல எப்படிச் சொல்றது?"

"எங்கப்பாவுக்கு வந்தாரே."

"உங்கப்பாவுக்கு வந்தது உதவி மிஸ். இது தொழில்."

அவள் சொன்ன வித்தியாசத்தை ஊரே பார்க்கிறது, அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

அண்ணன் கடைக்குப் போங்கள், இல்லையென்றால் நான் சாந்தோமுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கடைக்குப் போனார். பட்டுப் பிரிவில் சூப்பர்வைசர், மெரூன் கலர் யூனிஃபார்ம் சட்டை. அங்கே போயும் வியாதி விடவில்லை. புடவை எடுக்க வரும் பெண்களின் கணவர்மார்கள் வழக்கமாக மாடிப்படிப் பக்கம் போட்ட பெஞ்சில் தூங்கி வழிவார்கள். அந்த பெஞ்சைத் தூக்கிக் கண்ணாடிக்கு எதிரில் போட்டார். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும்போது மனைவிக்குக் கணவன் முகம் தெரிய வேண்டுமாம். முகம் தெரிந்ததில் நாலு ஜோடி சண்டை போட்டுக்கொண்டு வாங்காமலே போய்விட்டார்கள். "சேலை விக்கச் சொன்னா பெஞ்சை நகத்திட்டு அலையுதான்" என்று அண்ணன் ஸ்டெல்லாவுக்கு ஃபோன் செய்து புலம்பினார்.

அந்த நாட்களிலும் அவருக்கு ஃபோன் வந்துகொண்டிருந்தது. வேறு ஆளைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருநாள் மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா போய்விட்டாள், வீட்டில் தான் ஒருத்திதான், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று. அவர் அந்த மெரூன் சட்டையோடேயே கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். திரும்பவும் கடைக்குப் போகவில்லை. ஸ்டெல்லா துணிகளை எடுத்துக்கொண்டு சாந்தோமில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

பள்ளிக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாள். அவரைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவாள். இனி அவள் திரும்பிப் போவாள் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துகொண்டே வந்தது. அவரை ஒருநாள் வழியில் பார்த்தேன். இளைத்திருந்தார். "அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றார். "ஆனா இதை விட்டா நான் மறுபடி ஃபோனை எதுக்க வச்சுக்கிட்டு சேர்ல போய் உக்காந்துருவேன். அது அவளுக்கும் தெரியும்." எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் நடுவில் இருப்பவள் என்ன செய்ய முடியும்.

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். மதியம் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்து ஃபோனை நீட்டினாள். அவரிடமிருந்து செய்தி. படத்தை நிறுத்தினாரே, அந்தத் தயாரிப்பாளர் இறந்துவிட்டார். அவர் வீட்டில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன், உனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று சொல்கிறேன், என்று எழுதியிருந்தார்.

"அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா நின்னு நாலு வார்த்தை கேக்கணும்னு எத்தனை நாளா நெனச்சேன் மிஸ். செத்துட்டான். இவர் போய் அவனுக்கு மாலை வாங்கிப் போட்டுக்கிட்டு நிக்கறார்." கண் சிவந்திருந்தது. "வண்டி எடுங்க."

தேர்வு முடிந்ததும் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

தியாகராய நகரில் ஒரு குறுக்குத் தெரு. ஷாமியானா போட்டிருந்தது. கூட்டம் இருந்தது, ஆனால் ஒருவரும் ஷாமியானாவுக்குள் உட்காரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமாக்காரர்கள் கார்களை ஒட்டி நின்றார்கள். சொந்தக்காரர்கள் கேட்டுக்கு அருகில், கிளம்பத் தயாராக நின்றார்கள். நொடித்துப்போன வீடு. அங்கே அதிக நேரம் காணப்பட்டால் ஏதாவது பொறுப்பு தலையில் விழும் என்று எல்லோருக்கும் பயம் இருந்திருக்கலாம். அமரர் ஊர்தி டிரைவர் சலித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வண்டி வெயில்ல நின்னுகினு கீது. எப்போ எடுக்கறது?"

"இரு நைனா. ஒரு லைட்மேன் தாம்பரத்துலேர்ந்து வந்துட்டு இருக்கார். அவர் முகம் பாக்கணும்" என்று சொன்னபடி அவர் திரும்பினார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"வேலை."

"இந்த ஆளுக்கா?"

"இவருக்கு இல்ல ஸ்டெல்லா, இவர் போயிட்டார். அந்தம்மாவுக்கு."

உள்ளே பார்த்தோம். ஐஸ் பெட்டி கூடத்தில் இருந்தது. ஒரு பக்கம் இரண்டு பையன்கள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பாளரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு ஜமுக்காளம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

"ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன். அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு வெளிய வந்துட்டாங்க" என்றார்.

"ஊரையே நிறுத்தறீங்களே," என்றாள் ஸ்டெல்லா. "நான் எங்க நிக்கணும்? சொல்லுங்க."

அவர் கை பழக்கத்தில் மேலே வந்தது. பாதியில் நின்றது. கீழே இறக்கிக்கொண்டார்.

"உனக்கு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு டிரைவர் பக்கம் போய்விட்டார். ஸ்டெல்லா தெருவில் வெயிலிலேயே நின்றாள். கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாமா என்று நான் யோசித்தேன். திட்ட வேண்டும் என்று வந்தவள், திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. அவள் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றினாள்.

போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவோரம் நின்றேன். அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்டருகில் நின்ற பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. யாரோ குனிந்து ஸ்டெல்லாவிடம், "நீங்க யாரும்மா? சினிமா கம்பெனியா?" என்று கேட்டார்கள்.

"இல்லீங்க. வெளிய நின்னு எல்லாம் பாத்துக்கறாரே, அவர் வீட்டுக்காரம்மா."

தயாரிப்பாளரின் மனைவி அப்போதுதான் முகத்தைத் திருப்பினாள். "பூஜைக்கு வந்திருந்தீங்க. உங்க வீட்டுக்காரர் டைரக்டர்ல?"

"ஆமாங்க. இப்ப இதுதான் அவர் வேலை" என்றாள் ஸ்டெல்லா.

சத்தமாகத்தான் சொன்னாள். வாசலில் பூக்கூடையோடு நின்ற அவள் கணவருக்குக் கேட்டிருக்கும். அவர் கூடையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் டிரைவர் கையில் கொடுத்தார்.

தாம்பரத்து லைட்மேன் வந்து, முகம் பார்த்து, வண்டி கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினேன். ஸ்டெல்லா ஏறவில்லை.

"நீங்க கிளம்புங்க மிஸ். அவர் முடிச்சுட்டு வரட்டும், நான் அவரோட வீட்டுக்குப் போய்க்கறேன்."

"எங்கே, சாந்தோமுக்கா?" என்று கேட்டேன்.

"மாம்பலத்துக்கு" என்றாள்.